கிட்டார், ரெடியா?

ஜைனுதீன் நானாவின் சைக்கிள் கடை ரேடியோ ஒருநாளும் மெதுவாகப் பேசியதில்லை. உக்குவளை ஸ்டேஷனிலிருந்து இறங்கும் அந்தக் குறுக்குத் தெருவில் யார் வீட்டுக் குழம்பு அடிப்பிடித்தது, யார் மகளுக்கு டுபாயிலிருந்து டெலிபோன் வந்தது என்பதெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் ஊருக்குத் தெரியவேண்டும். நானாவின் ரேடியோ சொன்னால் மட்டும் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும். அதனால்தான் அந்தக் காலையில், வானொலிப் பேட்டியில் நோபர்ட் மாஸ்டர் வாயைத் திறந்ததும், தெரு தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு டொறீனின் முகத்தைப் பார்த்தது.

டொறீன் வாசலில் சாக்கு விரித்துக் கராம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸஹாப்தீன் முதலாளியின் கடையிலிருந்து கொத்துக் கொத்தாக வரும் பச்சைக் கராம்பில் காம்பு வேறு, மொட்டு வேறாகக் கிள்ளிப் பிரித்து, காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு நகமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். டொறீனிடம் நகம் இருந்தது.

"அந்த ரயில் பாட்டோட தொடக்கம் எப்படி உங்களுக்குத் தோணுச்சு மாஸ்டர்?" என்று பேட்டி எடுத்த பெண் குழைந்தாள்.

"அது ஒரு கதை தங்கச்சி. எழுபத்திமூணுல நான் உக்குவளை ஸ்டேஷன்ல பிளேன்டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ரயிலு மேட்டுல ஏற முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு வருது. அந்தச் சத்தம் அப்படியே வந்து இந்த விரல்ல உக்காந்திருச்சு."

பிறகு பாட்டைப் போட்டார்கள். முதலில் கிட்டார் மட்டும். தடித்த தந்தியில் கட்டைவிரல் ரயிலாக இழுக்க, மெல்லிய தந்திகளில் மற்ற விரல்கள் தண்டவாளமாகத் தடதடக்க, ஒரு முழு ரயில் மேடேறி வந்து நிற்கும். அதன்பிறகுதான் வயலின், தபேலா, பாட்டுக்காரி எல்லாம். இலங்கையில் கல்யாண வீட்டுக்குப் போன யாருக்கும் அந்தத் தொடக்கம் தெரியும்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே நானாவின் மனைவி றமீஸாவின் முக்காடு எழும்பியது. "டொறீனக்கா, இத ஒங்கட மனுசன் அடிச்சதுண்டு தானே நீங்க செல்லுவீங்க?"

"செல்லுவேன்."

"மாஸ்டர் அவர்ட வெரல்ல வந்து ஒக்காந்ததுண்டு செல்றாரே?"

"ஒக்காந்திருக்கும். மத்தவன் ஒழைப்பு மேல ஒக்காந்து பழகின ஆளுதானே."

றமீஸா திருப்தியோடு இறங்கிப் போனாள். அது மத்தியானத்துக்குள் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அடுப்படி வரை போய்விடும் என்பது டொறீனுக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் சொன்னாள்.

உள்ளே படிக்கட்டில், அதே கராம்பில் பாதியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய கணவன் ஒஸ்வல்ட் இருந்தான். ரேடியோ முழுவதும் அவன் காதிலும் விழுந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு மொட்டை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"காம்பு இன்னும் ஈரமா இருக்கு டொறீன்," என்றான்.

அதுதான் ஒஸ்வல்ட்.

இந்த மனிதனைப் பற்றித் தெருவில் இரண்டு கட்சி. கொழும்பில் பெரிய ஆள்களோடு இருந்தவன் என்பது ஒரு கட்சி. பெரிய ஆள்களுக்குக் கிட்டார் பெட்டி தூக்கியவன் என்பது மற்றது. இரண்டுக்கும் அத்தாட்சி கிடையாது. பதினைந்து வருஷம் கொழும்பு ஸ்டூடியோக்களில் அவன் கிட்டார் வாசித்துக் கொடுக்காத பாட்டுக்காரர் இல்லை. எந்த இசைத்தட்டின் உறையிலும் அவன் பெயர் இல்லை. உறையில் பாடியவர் பெயர் வரும், மாஸ்டர் பெயர் வரும். மற்றவர்களுக்கு ஸ்டூடியோவுக்குள்ளேயே பெயர் கிடையாது. பிடித்திருக்கிற வாத்தியம்தான் பெயர். "வயலின், மூக்கச் சிந்திட்டு வா." "தபேலா, இருமாத." கடைசியாக, சிவப்பு லைட் எரியுமுன், மாஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்: "கிட்டார், ரெடியா?" ஒஸ்வல்ட் நாக்கால் ஒரு 'டொக்' போடுவான். அதுதான் பதில். பதினைந்து வருஷம் அந்த 'டொக்'கிலேயே போனது.

இன்னொன்றும் உண்டு. வாசிக்கும்போது அவனுடைய வலது கால் தன் பாட்டில் தாளம் தட்டும். ஒரே ஒரு மைக் வைத்துப் பதிவு செய்த காலம். சப்பாத்துச் சத்தம் பாட்டுக்குள் போய்விடும் என்று அவனைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, காலுக்குக் கீழே ஒரு தலையணை போட்டார்கள். கோட்டும் டையும் கட்டி, வெறுங்காலோடு, தலையணை மேல் காலை வைத்து வாசிக்கிற மனிதனைக் கல்யாணமான புதிதில் டொறீன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

எல்லாச் சாமானுக்கும் இறக்குமதித் தடையிருந்த எழுபதுகளில் கிட்டார் தந்தி கப்பலில் வரவில்லை. ஒஸ்வல்ட் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து, அதன் இழையை எடுத்துக் கட்டினான். ரயில் பாட்டில் இரும்பு இரும்பாகக் கேட்பது அதனால்தான். இன்றைக்கும் ஜைனுதீன் நானா பழைய கேபிளை எறிவதில்லை. "இது ஒஸ்வல்ட் தொரைக்கு" என்று ஆணியில் மாட்டிவைப்பார். 'தொரை' என்பது கேலிதான், கேபிள் கேலியில்லை.

எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் வத்தளை வீடு எரிந்தது. இசைத்தட்டுகள், கோட்டு, தலையணை எல்லாம் போயின. உடுத்ததும் காலில் போட்டதும் போக, முன்வீட்டுச் சிங்கள அம்மா தன் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்த கிட்டார் ஒன்றுதான் மிஞ்சியது. அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் டொறீன் பிறந்த உக்குவளைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து ஒஸ்வல்டின் பெயரை முழுதாகக் கேட்கிறவர்கள் றோட்டை மறித்துச் சோதனை போடுகிற சென்ட்ரிபொயின்ட் ஆமிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் கேட்டாலும் மெதுவாகத்தான் சொல்லுவான்.

பேட்டி போய் ஒரு கிழமை முடியுமுன், நோபர்ட் மாஸ்டரே வந்து இறங்கினார்.

வெள்ளை வேன், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமயிர். கையில் பிஸ்கட் டின். அவர் டொறீனுக்கு அந்நியரும் இல்லை; வஹகோட்டையில் கட்டிக்கொடுத்த பெரியம்மாவின் மகன். ஒஸ்வல்டை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். இதனால் டொறீனுக்கு அவரைத் திட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. சங்கடத்தை அம்மியில் காட்டினாள். மரவள்ளிக் கிழங்கு அவித்து, பக்கத்தில் கட்டச் சம்பல் வைத்தாள். அந்தச் சம்பலுக்குப் போன கொச்சிக்காய் மூன்று வீட்டுக்குத் தும்மல் வரவைத்தது என்று றமீஸா சொல்லுவாள்.

"தங்கச்சி கைமணம் அப்படியே இருக்கு," என்றார் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு ஒஸ்வல்டின் பக்கம் திரும்பினார். "மச்சான், எனக்குப் பாட்டுத் துறையில அம்பது வருஷம். மாத்தளைக் கோயில் மண்டபத்துல விழா எடுக்கிறாங்க. வசூலெல்லாம் கோயில் கூரைக்கு. பங்குச் சாமியாரே சொல்லியிருக்காரு."

"நல்ல விசயம் மச்சான்."

"ரயில் பாட்ட நான் வாசிக்கணும்னு எல்லாரும் கேக்கிறாங்க." மாஸ்டர் தன் வலது கையை நீட்டினார். விரல்கள் வெற்றிலைக் காம்புபோல வளைந்து, நிற்காமல் நடுங்கின. "பாரு. பிளேன்டீ கோப்பையே பிடிக்க முடியல்ல."

டொறீனுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

"அதனால நான் முன்னுக்குக் கிட்டார வச்சிக்கிட்டு நிப்பேன். நீ திரைக்குப் பின்னால இருந்து வாசி. ஆளுக்குத் தெரியவா போவுது? பழைய மாதிரித்தான். நான் கேப்பேன், நீ ஆரம்பி."

"சரி மச்சான்," என்றான் ஒஸ்வல்ட்.

கிழங்குச் சட்டி தரையில் வைக்கப்பட்ட சத்தம் சைக்கிள் கடைவரை கேட்டது.

"என்ன சரி?" என்றாள் டொறீன். "அண்ணே, வானொலில ஒங்க விரல்ல ஒக்காந்த ரயிலு இப்ப எறங்கிருச்சா?"

"தங்கச்சி, பேட்டியில அவங்க கேப்பாங்க, நம்ம ஏதோ சொல்றதுதானே..."

"எழுபத்திமூணுல ஸ்டேஷன்ல நின்னது யாரு? நான் மாத்தளையிலேருந்து ரயில்ல வாறேன்னு நின்ன மனுசன் இவரு. நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க? ஒங்க வாயில பிளேன்டீ எங்க இருந்து வந்திச்சு?"

"டொறீன், விடு," என்றான் ஒஸ்வல்ட்.

"ஒரு தட்டுல, ஒரே ஒரு தட்டுல, சின்ன எழுத்துல பேரு போட்டிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அவரிடம் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. "நான் நல்லதுக்குத்தான் போடல்ல. பேரப் போட்டு இவன ஊருக்கெல்லாம் காட்டியிருந்தா, எம்பத்திமூணுல தேடிப் பிடிச்சு வந்திருப்பானுங்க. நான் காப்பாத்தியிருக்கேன் தங்கச்சி."

"பேரு போடாமலே வந்தாங்களே அண்ணே," என்றாள் டொறீன். "வீடு எரிஞ்சிச்சே."

மதிலுக்கு மேலே றமீஸாவின் முக்காடு மறுபடி எழும்பியது. பிறகு ஒஸ்வல்ட் எழுந்து, மாஸ்டரின் கோப்பையை வாங்கிக் கழுவப் போனான். போகும்போது, "கோயில் கூரைக்குத்தானே டொறீன், நான் வாறேன்னு சொல்லிட்டேன்," என்றான்.

வேன் போனதும் டொறீன் சண்டை போடுவாள் என்று தெரு காத்திருந்தது. சண்டை நடக்கவில்லை. சாயந்திரம் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"கிட்டார், சோறு ரெடி."

ஒஸ்வல்ட் சுற்றிப் பார்த்தான். பிறகு விளங்கியது. வந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

"கிட்டார், இன்னும் கொஞ்சம் பருப்பு?"

"போதும்."

இப்படி ஒரு நாள் அல்ல, விழா வரைக்கும். 'ஒஸ்ஸி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் அந்தப் பெயரைப் பூட்டி வைத்துவிட்டாள். "கிட்டார், சாக்கைத் திருப்பிப் போடுங்க, வெயில் போவுது." "கிட்டார், கிணத்துல வாளி விழுந்திருச்சு." அந்த வருஷம் மழை பொய்த்து, அணையில் தண்ணீரில்லை என்று கரண்டை வெட்டினார்கள். இருட்டிய வீட்டுக்குள்ளிருந்து, "கிட்டார், லாம்ப எங்க வச்சீங்க?" என்று குரல் வரும். நானாவின் கடையில் காற்றடிக்க வந்தவர்கள்கூட, "என்ன கிட்டார், சுகமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

"புள்ள, மனுசன இப்பிடிக் கேவலப்படுத்தலாமா?" என்று ஒருநாள் றமீஸாவே கேட்டாள்.

"நான் எங்க கேவலப்படுத்தினேன்? அவருக்கு அவங்க வச்ச பேரு. பதினஞ்சு வருஷம் அந்தப் பேருக்கு 'டொக்'குன்னாரு. எம்மேல ஒரு தடவ கோவப்பட்டாக் கொறஞ்சா போவாரு?"

ஒஸ்வல்ட் கோபப்படவில்லை. ஆனால் கராம்பு ஆய்கிற கை நடுவில் நின்று போவதை டொறீன் கவனித்தாள். ஸ்டேஷன் பக்கமாகக் காலைரயில் மேடேறும்போது அவன் தலையைத் தூக்கி, அது போய்மறையும்வரை கேட்டான். ஒருநாள் பின்னேரம் நானாவிடம் புதிய கேபிள் வாங்கி, ஆறு தந்தியையும் மாற்றிக் கட்டினான்.

விழாவன்று மத்தியானம் அலுமாரிக்குக் கீழிருந்து தன் கல்யாணச் சப்பாத்தை எடுத்தான். எரிந்த வீட்டிலிருந்து காலோடு வந்த ஒரே சோடி. அடித்தோல் கட்டியானது, நடந்தால் பலகையில் சுத்தியல் விழுகிற சத்தம். தேங்காயெண்ணெய் தொட்டு முன்னும் பின்னும் தேய்த்தான்.

விழாவுக்கு வரவே மாட்டேன் என்று தெரு கேட்கச் சொல்லியிருந்த டொறீன் கதவில் சாய்ந்து பார்த்தாள். "திரைக்குப் பின்னால இருக்கிற ஆளுக்குச் சப்பாத்து எதுக்கு?"

"காலுக்கு," என்றான் ஒஸ்வல்ட்.

அந்தப் பதிலில் ஏதோ இருந்தது. டொறீன் உள்ளே போய், நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

நானா வேன் பிடித்திருந்தார். தெருவில் பாதி அதில் ஏறியது. டிஸ்பென்சரிக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு றமீஸாவும் ஏறினாள். விழாவுக்கென்றே எடுத்த புது முக்காட்டோடு டிஸ்பென்சரிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். கொழும்பில் குண்டு வெடித்த வருஷம் அது. எந்த விழாவும் வெளிச்சத்தில் தொடங்கி, வெளிச்சம் போகுமுன் முடிய வேண்டும்.

மாத்தளைக்குள் நுழையுமுன் சென்ட்ரிபொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் கிட்டாரின் வட்டத் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். பிறகு சிங்களத்தில், "பேர்?" என்றான்.

"ரபாயேல் ஒஸ்வல்ட்."

"என்ன?"

"ரபாயேல் ஒஸ்வல்ட்!" இது றோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த ஆட்டோக்காரனுக்கும் கேட்டது.

"சத்தம் போடத் தேவையில்லை ஐயா, எனக்குக் காது கேட்கும்," என்றான் சிப்பாய், கொஞ்சம் பயந்துபோய்.

"மன்னிச்சுக்குங்க. என் பேர நானே கேட்டு நாளாச்சு," என்றான் ஒஸ்வல்ட், அதையும் நல்ல சிங்களத்தில்.

டொறீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. டக் டக்கென்று நடந்து வேனில் ஏறினான்.

மண்டபம் நிறைந்திருந்தது. கரண்ட் இல்லை, வெளியே ஜெனரேட்டர் உறுமியது. சாமியார் முன்வரிசையில். மேடையில் மாலைகளுக்கு நடுவே மாஸ்டர், கையில் பளபளக்கும் கிட்டார். பக்கவாட்டில் வயலின்காரர்களும் தபேலாக்காரரும். பின்னால் நீலத் திரை. கோயில்காரர்கள் துணியை மிச்சம் பிடித்திருந்ததால் திரை தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நின்றது.

பேச்சுகள் நடந்தன. யாரும் கேட்கவில்லை. பிறகு, "இதோ, நீங்கள் காத்திருந்த அந்த விரல்களின் ரயில் பாட்டு!" என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்ந்தது. வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக் காத்தார்கள். கிட்டார் வந்து நின்றபிறகுதான் அவர்கள் ஏறவேண்டும்.

மாஸ்டர் தந்திமேல் கையை வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்.

ஒன்றும் வரவில்லை.

மாஸ்டர் சிரித்துக்கொண்டு ஒரு முறுக்காணியைத் திருகினார். மறுபடி தலையை ஆட்டினார். ஜெனரேட்டர் மட்டும் வாசித்தது. பிறகு ஐம்பது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "கிட்டார், ரெடியா?" என்றார். மைக் அதை மண்டபம் முழுவதற்கும் கொடுத்தது.

தன் கையிலிருக்கிற கிட்டாரையே கேட்கிறார் என்று சனம் விழுந்து விழுந்து சிரித்தது. டொறீன் சிரிக்கவில்லை. கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது அந்த 'டொக்' கேட்டுவிடும், கேட்டுவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் வீட்டில் கிட்டாருக்குத்தான் சோறு போடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

'டொக்' கேட்கவில்லை.

"கிட்டார்..." என்றார் மாஸ்டர் மறுபடி. குரலில் கெஞ்சல். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. சாமியார் கதிரையில் நெளிந்தார். மாஸ்டர் திரையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, நடுங்குகிற அந்த விரல்களை முன்வரிசை முழுதும் பார்த்தது.

"ஒஸ்வல்ட்," என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து அமைதியாக ஒரு குரல் வந்தது. "எந்த ஒஸ்வல்ட், மாஸ்டர்?"

மாஸ்டர் தோளிலிருந்து கிட்டார் வாரைக் கழற்றினார். கிட்டாரைக் கதிரைமேல் கவனமாகச் சாய்த்துவைத்துவிட்டு, மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடாமல் இருக்கத்தான் பிடித்தார் என்று பிறகு றமீஸா சொன்னாள்.

"உக்குவளை ஒஸ்வல்ட். என் மச்சான், ரபாயேல் ஒஸ்வல்ட். ரயில் பாட்டுக்கு... வாசிச்சது அவருதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆரம்பிங்க ஒஸ்வல்ட்," என்றார்.

டக். டக். டக். டக்.

திரைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில், எண்ணெய் பூசிய ஒரு சோடிச் சப்பாத்து. வலது சப்பாத்து பலகையை உதைத்த உதையில் மேடைத் தூசி எழும்பியது. ரயில் கிளம்பியது. தட்டில் கேட்டதைவிடக் கரடுமுரடாக, மேடு ஏறி, மூச்சு வாங்கி, பிரேக் கேபிள் கிறீச்சிட வந்து நின்றது. வயலின்காரர்கள் ஏற மறந்தார்கள். அவன் நிற்கவில்லை, இன்னொரு முறை முழு ரயிலையும் திருப்பிக் கொண்டுவந்தான். பின்வரிசையிலிருந்து ஜைனுதீன் நானாவின் விசில் கிழித்துக்கொண்டு போனது.

"டொறீனக்கா, அங்க பாருங்க, அது ஒங்கட மனுசன்ட சப்பாத்துதானே?" என்று றமீஸா அவளைக் கிள்ளினாள்.

"மனுசனுக்குப் பேரிருக்கு றமீஸா," என்றாள் டொறீன். அவளுடைய காலும் தாளம் தட்டத் தொடங்கியிருந்தது. றமீஸா அதையும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பொழுது மங்கியிருந்தது. மாஸ்டர் வாசல்வரை வந்தார். ஒஸ்வல்டின் கிட்டார் பெட்டியைத் தன் நடுங்கும் கையாலேயே வேனுக்குள் ஏற்றிவிட்டுப் போனார். ஒஸ்வல்டும் அதை வாங்கப் போகவில்லை. ஏற்றட்டும் என்று நின்றான். டொறீன் தன் பக்கத்து இருக்கையைத் தட்டினாள்.

"ஒஸ்ஸி, இங்க வாங்க."

அவன் வந்து உட்கார்ந்தான். "பசிக்குது," என்றான்.

"மரவள்ளிக் கிழங்கு இருக்கு. சம்பல் உறைக்காமப் போடுறேன்."

"ஒறைக்கட்டும்," என்றான் ஒஸ்வல்ட்.

சென்ட்ரிபொயின்டில் அதே சிப்பாய். இந்த முறை இறங்கச் சொல்லவில்லை. ஜன்னலுக்குள் டோர்ச்சை நீட்டி, கிட்டார்க்காரரின் முகத்தில் நிறுத்தினான். "பேர்?"

ஒஸ்வல்ட் வாயைத் திறக்குமுன் வேன் முழுவதும் கத்தியது. நானா, றமீஸா, பின்சீட்டுப் பிள்ளைகள், பாதித் தூக்கத்திலிருந்த டிரைவர்கூட.

"ரபாயேல் ஒஸ்வல்ட்!"

சிப்பாய் ஓரடி பின்வாங்கி, தோளில் தொங்கிய துவக்கைச் சரிசெய்துகொண்டான். "நான் ஒருத்தர் பேரைத்தானே கேட்டேன்?"

டொறீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஒரு பேருதான் மாத்தயா," என்றாள் சிங்களத்தில். "சத்தம்தான் கொஞ்சம் கூட."